புதுப்பித்த எம்ஜிபி கார்: முன்பணம் அனுப்பும் முன்

இங்கிலாந்தில் ரெடிங் அருகே வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பச்சை நிறம், குரோம் பம்பர், கம்பிச் சக்கரங்கள். விலை 18,500 பவுண்ட். ‘கடைசி நட்டு வரை கழற்றி 2018இல் முழுமையாகப் புதுப்பித்தது, பிறந்தது முதல் பிரிட்டனிலேயே ஓடிய கார்’ என்கிறது விளம்பரம். விற்பவர் தன்னைத் தனிநபர் என்கிறார். ஆனால் அவர் வீட்டு முற்றத்தில் இன்னும் இரண்டு பழைய கார்கள் விலைச்சீட்டோடு நிற்கின்றன. காரின் பதிவு ஆவணமான லாக்புக், அதாவது வி5சி, அவருடைய மைத்துனர் பெயரில் இருக்கிறது. சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்ஓடி சோதனை கடைசியாக 2019இல் நடந்தது. ‘நாற்பது வயது தாண்டிய காருக்கு அது தேவையே இல்லை’ என்கிறார். வேறொருவரும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஞாயிற்றுக்கிழமைக்குள் 1,000 பவுண்ட் முன்பணத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டுமாம். ரசீதில் ‘பார்த்தபடியே விற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவாராம். மனைவிக்கு விருப்பமில்லை. வாசகருக்கோ இது இருபது வருட ஆசை. பின்னால் பழுது வந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா, விலை ஏறுமா, ஏழு வயது மகனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார். லாக்புக்கின் படத்தையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்பாதீர்கள். கார் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல காராகவே இருக்கலாம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரான கார் இது. உதிரிபாகம் ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முதன்முதலாக வாங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அரிது. அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன். இது போனால் அடுத்த மாதமே இன்னொன்று வரும்.

உங்கள் கடிதம் முழுவதும் ‘புதுப்பித்தது’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் தனி வரையறை கிடையாது. பெயின்ட் அடித்து இருக்கை உறை மாற்றியவரும் அதையே சொல்வார், ஆயிரம் மணி நேரம் வெல்டிங் செய்தவரும் அதையே சொல்வார். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன வேலை அடங்கும் என்பதை விற்பவர் வாயாலேயே, எழுத்தில், பணம் கைமாறும் முன் வாங்கிவிட வேண்டும். நான் கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

விற்பவர் தனிநபரா, வியாபாரியா?

உங்கள் உரிமைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது. வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். இல்லையென்றால் 30 நாட்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு, சரிசெய்து தர அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதிலும் சரியாகவில்லை என்றால் விலைக்குறைப்போ, திருப்பிக் கொடுப்பதோ உங்கள் விருப்பம். ஆனால் அப்போது, ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையை அவர் கழித்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ‘பார்த்தபடியே விற்கப்பட்டது’ என்று வியாபாரி எழுதி வாங்கினாலும் இந்த உரிமைகள் போகாது.

தனிநபரிடம் வாங்கினால் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு வாரத்தில் கியர்பாக்ஸ் போனால் அது உங்கள் செலவு. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். விற்பனை விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற 1979ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு தனிநபரையும் கட்டுப்படுத்தும். பொய்யான கூற்றை நம்பி வாங்கியிருந்தால் 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டமும் துணைக்கு வரும்.

இதற்குப் பொருத்தமான வழக்கு ஒன்று உண்டு. 1967இல் பீல் எதிர் டெய்லர் வழக்கில், ஒரு தனிநபர் தன் டிரையம்ஃப் ஹெரால்டை ‘1961’ என்று விளம்பரம் செய்து விற்றார். பின்பாதி மட்டுமே 1961. முன்பாதி அதற்கு முந்தைய வேறொரு காருடையது. இரண்டையும் சேர்த்து வெல்டிங் செய்திருந்தார்கள். விற்றவருக்கே அது தெரியாது. வாங்கியவர் நேரில் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். ஆனாலும் விவரத்துக்குப் பொருந்தவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே சமயம் 1957இல் ஆஸ்கர் செஸ் வழக்கில், 1939 மாடல் மோரிஸை 1948 என்று நம்பிச் சொல்லி, கார் விற்கும் நிறுவனத்துக்கே விற்ற தனிநபர் தப்பித்துக்கொண்டார். லாக்புக்கில் இருந்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார், வாங்கியவர்களோ துறை தெரிந்தவர்கள் என்பது அங்கே எடைபோட்டது. ஆகவே ‘சொன்னார்’ என்பது மட்டும் போதாது. சொன்னது ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்க வேண்டும். விளம்பரத்தை இன்றே படமெடுத்துச் சேமியுங்கள், விற்ற மறுநாள் அது மறைந்துவிடும்.

முற்றத்தில் விலைச்சீட்டோடு மூன்று கார், லாக்புக் வேறொருவர் பெயரில் என்பதைப் பார்த்தால் இவர் தொழிலாகச் செய்பவர் என்று வாதிட இடம் இருக்கிறது. வியாபாரி தன்னைத் தனிநபர் என்று காட்டிக்கொள்வது தவறு. ஆனால் வாதிட இடம் இருப்பது வேறு, பணம் கையில் திரும்புவது வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு வழக்குப் பிரிவின் வரம்பு 10,000 பவுண்ட். உங்கள் தொகை அதைத் தாண்டுவதால், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலும் ஒரு பகுதி உங்கள் தலையில் விழலாம். வழக்குப் போடும் நிலையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு.

சேசிஸ் எண் ஏற்கெனவே பேசிவிட்டது

நீங்கள் அனுப்பிய படத்தில் சேசிஸ் எண் ‘ஜிஎச்என்5யுசி’ என்று தொடங்குகிறது. ஜிஎச்என்5 என்பது எம்ஜிபி ரோட்ஸ்டரின் வரிசை. அதைத் தொடரும் ‘யு’, அமெரிக்காவுக்காகத் தயாரானது என்பதற்கான எழுத்து. ‘சி’ 1972 மாடல் ஆண்டைக் குறிக்கும். லாக்புக்கிலும் பிரிட்டனில் முதல் பதிவு 1989 என்று இருக்கிறது. அப்படியானால் இது அமெரிக்காவில் இடது பக்க ஸ்டியரிங்கோடு ஓடி, பிறகு திரும்பி வந்து வலது பக்கத்துக்கு மாற்றப்பட்ட கார். ‘பிறந்தது முதல் பிரிட்டனில்’ என்பது பொருந்தவில்லை.

இது காரின் குறையல்ல. கலிஃபோர்னியா போன்ற வறண்ட இடங்களிலிருந்து வந்த எம்ஜிபிகள் துரு குறைவு என்பதாலேயே விரும்பி வாங்கப்படுகின்றன. ஆனால் மாற்றும் வேலையின் தரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் ரேக், பெடல் தொகுதி, டாஷ்போர்டு, வயரிங் எல்லாம் இடம் மாறியிருக்கும். முன்விளக்கு, ஒளியைத் தாழ்த்தும்போது வலப்பக்கம் சாயும் பழைய வகையாகவே இருந்தால் பிரிட்டன் சாலையில் எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும். எம்ஓடியிலும் தேறாது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். எந்த நாளில் தயாரானது, எந்த நாட்டுக்குப் போனது, முதல் நிறம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பவரிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

அவர் தெரிந்தே மறைத்தாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நேரே கேட்டுவிடுங்கள். அவர் பதில் சொல்லும் விதமே மற்ற கூற்றுகளை எவ்வளவு நம்பலாம் என்று காட்டிவிடும்.

சில்: இந்தக் காரின் முதுகெலும்பு

எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியேதான் சட்டகம். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில்தான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கிறது. வெளிச் சில், உள்ளே ஒரு தடுப்புத் தகடு, உள் சில், அடியில் காசில் செக்‌ஷன் என்று பல அடுக்குகள். நீர் உள்ளே தேங்கி, உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வெளிச் சில்லின் முன்முனை ஃபெண்டருக்கு அடியிலும் பின்முனை பின் ஃபெண்டருக்கு அடியிலும் நீள்கிறது. எனவே முறையாக மாற்ற, போல்ட் போட்ட முன் ஃபெண்டரைக் கழற்ற வேண்டும், பின் ஃபெண்டரின் கீழ்ப்பகுதியை வெட்டி மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன்பே கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. குறுக்குவழி என்பது, அழுகிய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைத்துப் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது. முதல் இரண்டு வருடம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

எனவே அவர் காட்டிய படங்களில் பளபளக்கும் என்ஜினைப் பார்க்காதீர்கள். ஃபெண்டர் கழற்றிய நிலையில் சில் தெரிகிறதா, குறுக்கு முட்டு இருக்கிறதா, காசில் செக்‌ஷன் புதிதா, படத்தில் இருப்பது இதே கார்தான் என்று காட்டும் அடையாளம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். தகடு வாங்கிய பில்லில் தேதியும் பாகத்தின் பெயரும் இருக்க வேண்டும். ‘எல்லா இரும்பும் மாற்றியது’ என்றால் எந்தப் பட்டறை, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புது எம்ஜிபி பாடியே செய்து விற்கிறது. அதில் கட்டிய கார் என்றால் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும் பில் ஒன்று கண்டிப்பாக இருக்கும். பாடி மாறிய விவரம் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும்.

நேரில் செய்ய வேண்டியவை அதிகமில்லை, ஆனால் நிதானமாகச் செய்யுங்கள்.

• கதவு மூடியிருக்கும்போது அதைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். பிறகு பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் காரைத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி சுருங்கினாலோ கதவு உரசினாலோ சில்லில் பலம் இல்லை. அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

• மெல்லிய காந்தத்தை முன் ஃபெண்டரின் கீழ்ப்பகுதி, கதவுக்குப் பின்னால் வளையும் மூலை, சில் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது.

• இருக்கைகளுக்குப் பின்னால் தரையைத் திறந்தால் பேட்டரிப் பெட்டிகள். 1972 மாடலில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்திருக்கும். பெட்டியின் அடித்தட்டு அழுகியிருந்தால் ‘கடைசி நட்டு வரை’ என்ற கதை அங்கேயே உடைந்துவிடும். அடியில் புத்தம் புதிதாகக் கருப்பு அண்டர்சீல், அதாவது துருத் தடுப்புப் பூச்சு, தடிமனாகப் பூசியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

• என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஓடும்போது ஆயில் அழுத்தம் 50 பிஎஸ்ஐக்கு மேல் நிற்க வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும்போது 15 அளவுக்கு இறங்குவது இயல்பு. நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் கிளம்பும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

• கம்பிச் சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றவர் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்கட்டும். ‘டக்’ என்ற சத்தத்தோடு ஆடினால் சக்கரம் மாட்டும் ஹப்பின் பல்வரிசை தேய்ந்திருக்கிறது. சக்கரத்தோடு ஹப்பையும் மாற்ற வேண்டிவரும்.

• என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இருந்தால் மூன்றாம், நான்காம் கியரில் போட்டு எடுத்துப் பாருங்கள். கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். எம்ஜிபியில் கிளட்ச் மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும், கூலி அதற்கேற்ப இருக்கும்.

ஓடாமல் காட்சிக்கு நின்ற கார்களில் டயர் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்.

சட்டத்தில் ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வியாபாரியிடம் வாங்கும்போதுகூட, அவர் முன்பே சுட்டிக்காட்டிய குறைக்கும், நீங்கள் செய்த பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கும் பிறகு தரம் சரியில்லை என்று கேட்க முடியாது. அதனால் பரிசோதனையையே தவிர்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறான கணக்கு. எம்ஜிபி தெரிந்த சுயேச்சையான ஆய்வாளரை அழைத்துச் செல்லுங்கள். அவர் கண்டதை எழுத்தில் தரட்டும். சரிசெய்ய வேண்டியதை விலையில் குறையுங்கள், அல்லது ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

எம்ஓடி விலக்கு என்பது நற்சான்று அல்ல

40 வயது தாண்டி, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி கட்டாயமில்லை. விற்பவர் சொன்னது அவ்வளவில் சரி. ஆனால் ஆபத்தான நிலையில் உள்ள காரை ஓட்டினால் 2,500 பவுண்ட் வரை அபராதமும் மூன்று தண்டனைப் புள்ளிகளும் விழலாம், ஓட்டவே தடையும் வரலாம். பொறுப்பு ஓட்டுபவருடையது.

விலக்கு உள்ள காரையும் விரும்பினால் சோதனைக்கு அனுப்பலாம். உச்சக் கட்டணம் 54.85 பவுண்ட். ‘வாங்கும் முன் புது எம்ஓடி, கட்டணம் என்னுடையது’ என்று சொல்லுங்கள். நல்ல கார் வைத்திருப்பவர் மறுக்கக் காரணமே இல்லை. சீட் பெல்ட்டும் சஸ்பென்ஷனும் பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கட்டமைப்புத் துரு இருந்தால் சோதகர் விடமாட்டார். ஆனால் அவர் எதையும் கழற்றிப் பார்க்கமாட்டார் என்பதால் தனி ஆய்வுக்கு அது மாற்றாகாது. பழைய எம்ஓடி முடிவுகளை அரசு இணையதளத்தில் பதிவு எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். 2018இல் புதுப்பித்த கார் 2019இல் என்ன குறிப்பு வாங்கியது என்பதை இன்றிரவே பாருங்கள். மைல் கணக்கும் அதில் இருக்கும்.

லாக்புக், கடன், பணம்

வி5சி என்பது உரிமைப் பத்திரம் அல்ல. யார் பெயரில் காரைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே அது சொல்லும், அப்படியே அதன் மேல் அச்சிட்டும் இருக்கும். மைத்துனர்தான் உரிமையாளர் என்றால் அவர் கையெழுத்திட்டு விற்க வேண்டும், பணமும் அவர் கணக்குக்கே போக வேண்டும். இவர் அவரிடமிருந்து வாங்கிவிட்டார் என்றால் வாங்கிய ரசீதைக் காட்டட்டும். அப்படி வாங்கித் தன் பெயருக்கு மாற்றாமலே விற்பது வியாபாரிகளின் வழக்கம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கார் மேல் கடன் பாக்கி உண்டா, அது திருட்டுக் காரா என்று பார்க்கும் சோதனை சில பவுண்டுகளில் முடியும், அதைத் தவிர்க்க வேண்டாம். ஹயர் பர்ச்சேஸ் எனும் தவணைக் கடனில் உள்ள காரை நல்லெண்ணத்தோடு வாங்கும் தனிநபருக்கு 1964ஆம் ஆண்டு ஹயர் பர்ச்சேஸ் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் லாக்புக்கை அடகு வைத்து வாங்கிய கடனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கடன் கொடுத்தவர் காரைத் தூக்கிச் செல்லலாம். திருட்டுக் காருக்கும் இல்லை.

விற்பவர் வியாபாரி என்று ஒப்புக்கொண்டு கார்டு வாங்கினால், முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கொடுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி, விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்குள்ளும் இருந்தால், சிறு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பாகும். வங்கி மாற்றலில் இந்தப் பலம் கிடையாது. எப்படிக் கொடுத்தாலும் முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

விலை ஏறுமா என்று கேட்டீர்கள். எம்ஜிபி அரிய கார் அல்ல. சரியாகப் புதுப்பிக்க ஆகும் செலவு, பெரும்பாலும் அது விற்கும் விலையைத் தாண்டிவிடும். அதனால் இன்னொருவர் முறையாகச் செலவழித்து முடித்த காரை வாங்குவது லாபம்தான், அதை நிரூபிக்க முடிந்தால். தனிநபர் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மை. ஆனால் காப்பீடு, கேரேஜ், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ், எத்தனால் குறைந்த சூப்பர் ரக ஈ5 பெட்ரோல் என்று வருடச் செலவு வந்துகொண்டே இருக்கும். சேமிப்பை வளர்க்க இதை வாங்காதீர்கள். ஓட்டி மகிழ வாங்குங்கள். உங்கள் மனைவியிடமும் இதை முதலீடு என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டாம். முதல் வருடப் பழுதுகளுக்கு எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள் என்ற தொகையோடு பேசுங்கள். அவர் கேட்கும் கேள்விகள் நியாயமானவை.

மகனை உட்காரவைக்கலாம். ஆனால் இது இரண்டே இருக்கை கொண்ட கார், மூவராகப் போக முடியாது. 135 சென்டிமீட்டர் உயரமோ 12 வயதோ ஆகும் வரை அவனுக்கு ஏற்ற குழந்தை இருக்கை வேண்டும். அது இந்தப் பெல்ட்டில் சரியாகப் பொருந்துகிறதா என்று, வாங்கும் முன்பே காருக்குள் வைத்துப் பாருங்கள்.

இன்று விற்பவருக்கு இப்படி எழுதுங்கள், ஆங்கிலத்தில், மின்னஞ்சலில்: ‘கார் எனக்குப் பிடித்திருக்கிறது. சேசிஸ் எண் அமெரிக்கத் தயாரிப்பைக் காட்டுகிறது, விளக்கம் வேண்டும். உரிமையாளர் யார், நீங்கள் தொழிலாக விற்கிறீர்களா என்று தெரிவியுங்கள். 2018 வேலையின் பில்களும், சில் மாற்றியபோது எடுத்த படங்களும் தேவை. என் செலவில் சுயேச்சையான ஆய்வுக்கும் புது எம்ஓடிக்கும் சம்மதித்தால், ஆய்வு திருப்தியில்லையேல் முழுவதும் திரும்பும் என்ற நிபந்தனையில் 500 பவுண்ட் முன்பணம் தருகிறேன். ரசீதில் விளம்பரத்தின் வாசகங்கள் அப்படியே இடம்பெற வேண்டும், தவறானவற்றைத் திருத்தி.’

ஒப்புக்கொண்டால் மேலே போங்கள். கார் கைக்கு வரும் நாளில் முந்தையவரின் சாலை வரி உங்களுக்கு மாறாது. தொகை பூஜ்யமாக இருந்தாலும் லாக்புக்கின் பச்சைச் சீட்டை வைத்து உங்கள் பெயரில் வரிப் பதிவு செய்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். காப்பீட்டை ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில் எடுங்கள். இல்லையென்றால் விபத்தில் சிதைந்தால் வெறும் பழைய கார் விலைதான் கிடைக்கும். மின்னஞ்சலுக்குப் பதிலாக ‘இன்னொருவர் பணத்தோடு நிற்கிறார்’ என்று மட்டும் வந்தால், அவருக்கே விட்டுவிடுங்கள்.